சென்னைக்குக் குடும்பத்தோடு குடிவருகிறவர்கள் ஏரியா பார்ப்பது எப்படி

சென்னையில் வேலை கிடைத்தோ மாற்றல் வந்தோ, மதுரையிலோ சேலத்திலோ திருநெல்வேலியிலோ இருக்கிற வீட்டைக் காலி செய்து பிள்ளைகளோடு, முடிந்தால் அம்மா அப்பாவோடும், வந்தாக வேண்டும் என்று ஆனதும் எல்லோரும் செய்கிற முதல் வேலை போனை எடுத்து, இவ்வளவுதான் வாடகை என்று ஒரு தொகையைப் போட்டு, அந்தத் தொகைக்கு எங்கே டபுள் பெட்ரூம் கிடைக்கிறது என்று தேடுவதுதான். கிடைக்கவும் செய்யும். புது டைல்ஸ், கப்போர்டு, கார் நிறுத்த இடம் எல்லாம் போட்ட படங்கள் வரிசையாக வரும், ஆனால் அந்த வீடு ஏன் அந்த விலைக்குக் கிடைக்கிறது என்று எந்தப் படத்திலும் இருக்காது.

நான் சொல்ல வருவது அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்பதுதான். சென்னையில் குடும்பத்தோடு குடியேற முதலில் பார்க்க வேண்டியது ரயில். அடுத்தது தண்ணீர், அதாவது கோடையில் வராத தண்ணீரும் மழையில் வீட்டுக்குள் வருகிற தண்ணீரும். மூன்றாவது பள்ளிக்கூடம். இந்த மூன்றையும் தாண்டி மிஞ்சுகிற ஏரியாக்களில்தான் வாடகையை ஒப்பிட வேண்டும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். உங்கள் வேலை எழும்பூரில். கேளம்பாக்கத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே ஒரு வீடு 11,000 என்கிறார்கள், குரோம்பேட்டையில் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் அதைவிடச் சின்ன வீடு 15,000 என்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தவுடன் 4,000 மிச்சம் மாதிரிதான் தெரியும். முதல் வீட்டுக்கு தினமும் பைக் பெட்ரோல், பிள்ளைக்கு ஸ்கூல் வேன், மெயின்டெனன்ஸில் லாரித் தண்ணீர், குடிக்கக் கேன் தண்ணீர், மழை நாளில் ஆட்டோ எல்லாவற்றையும் சேர்த்தால் அந்த 4,000 மாதப் பாதியிலேயே காணாமல் போயிருக்கும், அதோடு தினமும் ரோட்டில் போகிற இரண்டு மூன்று மணி நேரத்துக்கு யாரும் விலை போடுவதில்லை. குரோம்பேட்டைக்காரருக்கோ ரயில் சீசன் டிக்கெட் மாதத்துக்குச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது என்பதால், வீட்டில் அம்மாவோ மனைவியோ கல்லூரி போகும் பெண்ணோ தினமும் வெளியே போகிறவர்களாக இருந்தால், அந்த பஸ் அடிக்கடி ஓடுகிற சாலைக்குப் பக்கத்தில் இருப்பதே மாதம் ஒரு நல்ல தொகையை மிச்சம் பிடிக்கும். டீலக்ஸ் மட்டும் ஓடுகிற சாலையில் இந்த லாபம் இல்லை, அதனால் ஸ்டாப்பில் கொஞ்ச நேரம் நின்று எந்த பஸ் வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

ரயில் எங்கே போகிறது

கடற்கரையிலிருந்து எழும்பூர், கிண்டி, தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு வரை தெற்கே ஒரு பாதை. சென்ட்ரலிலிருந்து பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணம் வரை மேற்கே ஒன்று. எண்ணூர், பொன்னேரி தாண்டி கும்மிடிப்பூண்டி வரை வடக்கே ஒன்று. அப்புறம் கடற்கரையிலிருந்து மயிலாப்பூர், திருவான்மியூர் வழியாக வேளச்சேரிக்குப் போகிற பறக்கும் ரயில். மெட்ரோவில் நீலப் பாதை வடக்கே விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை ஓடுகிறது, பச்சைப் பாதை சென்ட்ரலிலிருந்து கோயம்பேடு, வடபழனி வழியாகப் பரங்கிமலைக்கு வருகிறது. பரங்கிமலையில் இறங்கினால் தெற்குப் பாதை ரயிலுக்கும் மாறிக்கொள்ளலாம். இந்த வரைபடத்தை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் சென்னையில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போட்டால் ஏமாந்து போவீர்கள். ஆவடியிலிருந்து சென்ட்ரல் வந்து சேர்கிற நேரத்தைவிட, பாதி தூரம்கூட இல்லாத இரண்டு இடங்களுக்கு நடுவே மாலை ஏழு மணிக்குச் சாலையில் போகிற நேரம் அதிகமாக இருக்கும்.

ஒரே பாதையிலும் எல்லா ஸ்டேஷனும் ஒன்றில்லை. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே வண்டிகள் அடுத்தடுத்து ஓடும். தாம்பரத்தைத் தாண்டி வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று போகப் போக வாடகை குறையும், வண்டியும் குறையும். மேற்கே ஆவடிக்கும் இதே கதை, அதோடு நின்றுவிடுகிற வண்டிகள் உண்டு. கும்மிடிப்பூண்டி பாதையில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். அதனால் "ரயில் இருக்கிறது" என்ற பதிலோடு விடாமல், நீங்கள் கிளம்புகிற மணிக்கு எத்தனை வண்டி, திரும்பி வரும்போது கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் வீடு என்பதும் முக்கியம். கிழக்குத் தாம்பரம், மேற்குத் தாம்பரம் என்று பிரித்துச் சொல்வது காரணத்தோடுதான். தண்டவாளத்தைத் தாண்ட சுரங்கப்பாதை மட்டும் இருக்கிற இடங்களில், பலத்த மழை அன்று அதில் தண்ணீர் தேங்கினால் இரண்டு பக்கமும் தனித்தனி ஊராகிவிடும். விளம்பரத்தில் "ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷம்" என்று போட்டிருந்தால் அது பைக்கில், ஞாயிற்றுக்கிழமை காலையில், பத்து நிமிஷம். நடந்து பாருங்கள், முடிந்தால் இரவு ஒன்பது மணிக்கு நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, வழியில் டாஸ்மாக் இருக்கிறதா, நாய்க்கூட்டம் எப்படி என்பதெல்லாம் அந்த ஒரு நடையில் தெரிந்துவிடும். வேலைக்குப் போகிற பெண்கள் வீட்டில் இருந்தால் இந்த நடை வீட்டுக்குள் டைல்ஸ் பார்ப்பதைவிட முக்கியம்.

மெட்ரோ இரண்டாம் கட்டத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மாதவரத்திலிருந்து சிறுசேரி, மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி என்று மூன்று வழித்தடங்கள், மொத்தம் கிட்டத்தட்ட 119 கிலோமீட்டர். இந்தப் பாதைகளை ஒட்டிய வீடுகளுக்கு "மெட்ரோ வரப்போகுது சார்" என்று சொல்லி வாடகை கூட்டிக் கேட்பார்கள். சொந்த வீடு வாங்குகிறவருக்கு அது சரி. வாடகைக்கு வருகிற நீங்கள், வண்டி ஓடாத பாதைக்கு வாடகை கொடுக்க வேண்டியதில்லை. ஓடுகிறதா என்று பார்த்துக் கொடுங்கள், பணி நடக்கிற இடமாக இருந்தால் தூசியையும் சுற்றுவழியையும் சொல்லிக் குறைத்துக் கேளுங்கள்.

தண்ணீர், இரண்டு பக்கமும்

இதில்தான் வெளியூர்க்காரர்கள் அதிகம் சிக்குவது. காரணம் எளிது. பள்ளி ஜூனில் திறக்கும் என்பதால் ஏப்ரல், மே மாதத்தில் வீடு பார்க்க வருவார்கள். அப்போது எந்தத் தெருவும் காய்ந்துதான் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் பாதிக்கு மேல் ஆரம்பித்து டிசம்பர் வரை இருக்கும், அதற்குள் ஒப்பந்தம் போட்டு அட்வான்ஸும் மாட்டிக்கொண்டிருக்கும். முடிந்தவர்கள் நவம்பரில் ஒருமுறை வந்து ஏரியாக்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு மே மாதம் வீடு பிடியுங்கள். மழையில் பார்த்தால் வெள்ளம் தெரியும், மே மாதம் பார்த்தால் தண்ணீர்ப் பஞ்சம் தெரியும்.

வெள்ளத்தைப் பற்றி வரலாறு தெளிவாகவே இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் மூழ்கின. இதில் ஏழை ஏரியாவும் உண்டு, பணக்கார ஏரியாவும் உண்டு, ஆறு வாடகை பார்த்து வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் பகுதிகளில் பல நாள் தண்ணீர் வடியவில்லை. அதற்குக் காரணம் நிலத்தின் அமைப்பு. தாம்பரத்துக்குக் கிழக்கே உள்ள சேலையூர், செம்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக நிரம்பி வழிகிற நீர் எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத்தான் வருகிறது, அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கடலுக்குப் போக வேண்டும். அந்த வாய் குறுகியது. வடக்கே கொசஸ்தலையாறு பெருகினால் மணலி புதுநகர் பக்கம் இதே நிலைமை.

இதற்காக இந்த ஏரியாக்களையே தள்ளிவிடச் சொல்லவில்லை. வேளச்சேரியிலும் மடிப்பாக்கத்திலும் ஒரு தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது மூன்றாவது தெருவில் காய்ந்து கிடந்திருக்கிறது. அதனால் கேள்வியைத் தெரு அளவில் கேளுங்கள். புரோக்கரிடமும் வீட்டுக்காரரிடமும் கேட்டால் "நம்ம தெருவுல ஒரு சொட்டு நிக்காது சார்" என்றுதான் வரும். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர், மருந்துக்கடைக்காரர், பால் போடுகிறவர், ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கிற அண்ணன், இவர்களிடம் "2015-ல எதுவரைக்கும் வந்துச்சு, 2023-ல எதுவரைக்கும் வந்துச்சு" என்று கேளுங்கள், கையால் சுவரில் காட்டுவார்கள். இன்னொரு நல்ல கேள்வி, மழை எச்சரிக்கை வந்தால் காரை எங்கே நிறுத்துவீர்கள் என்பது. 2024 அக்டோபரில் கனமழை அறிவிப்பு வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். பாலத்தில் என்று பதில் வந்தால் அந்தத் தெருவில் தரைத்தளம் எடுக்காதீர்கள்.

கண்ணால் பார்க்க வேண்டியதும் உண்டு. தெருவைவிட வீட்டு வாசல் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்ட தெருக்களில் பழைய வீடுகள் பள்ளத்துக்குள் போயிருக்கும். பக்கத்தில் புதிதாகக் கட்டிய வீடுகளெல்லாம் நாலடி உயரத்தில் தளம் போட்டிருந்தால் அவர்களுக்குத் தெரிந்த விஷயம் உங்களுக்கும் தெரிய வேண்டும். சுவரில் இடுப்பளவில் மட்டும் புது பெயின்ட், கதவின் அடிப்பாகம் உப்பியிருப்பது, ஈ.பி. மீட்டரைத் தலைக்கு மேல் தூக்கி மாட்டியிருப்பது, அதே கட்டடத்தில் தரைத்தளம் மட்டும் காலியாக இருப்பது, இதெல்லாம் சொல்லாமல் சொல்கிற சாட்சிகள்.

சரி, மறுபக்கம் வருவோம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குக் குடிநீர் தருகிற நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, ஊரே குடத்தோடு தண்ணி லாரிக்குப் பின்னால் நின்றது. அதற்கப்புறம் நெம்மேலியில் இன்னொரு கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024-ல் வந்திருக்கிறது, நிலைமை மேல். ஆனாலும் உங்கள் வீட்டுக்குள் மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியத்தின் குழாய், வருகிறதா என்பது தனிக் கேள்வி. சென்னை மாநகராட்சி 2011-ல்தான் பெரிதானது, பழைய 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-க்கு. பெரம்பூர், அயனாவரம், மாம்பலம் மாதிரி பழைய மாநகராட்சிப் பகுதிகளில் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் எப்போதோ வந்தாயிற்று. பின்னால் சேர்ந்த பகுதிகளிலும், நீண்ட காலம் ஊராட்சியாகவே இருந்த மேடவாக்கம், கோவிலம்பாக்கம் பக்கத்திலும் தெருவுக்குத் தெரு வித்தியாசம். குழாய் இல்லாத இடத்தில் போர் தண்ணீர், அது வற்றினால் லாரி, கழிவுக்கு செப்டிக் டேங்க், அது நிரம்பினால் அதற்கும் லாரி. ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்து அடுக்குமாடிகளில் மெயின்டெனன்ஸ் தொகை ஏன் அவ்வளவு என்று கேட்டால் பாதி பதில் இதுதான். கடைசி மூன்று கோடை மாத மெயின்டெனன்ஸ் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள், காட்டத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்.

போர் தண்ணீரைச் சோதிக்க பெரிய கருவி வேண்டாம். கொஞ்சம் வாயில் விட்டு உப்பு பாருங்கள், சோப்பு போட்டுக் கை கழுவி நுரை வருகிறதா பாருங்கள், குழாய் முனையில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா, பாத்ரூம் பக்கெட் மஞ்சளாகிக் கிடக்கிறதா பாருங்கள். பக்கெட் மஞ்சளென்றால் வெள்ளைச் சட்டையும் ஆறு மாதத்தில் அந்த நிறம்தான்.

பள்ளிக்கூடம்

சின்னப் பிள்ளைகள் இருந்தால் முதலில் பள்ளியை முடிவு செய்து, அதைச் சுற்றி வீடு தேடுங்கள். நல்ல பெயருள்ள தனியார் பள்ளிகள் பலவற்றில் எல்.கே.ஜி. சேர்க்கை பொங்கலுக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடும், மே மாதம் போய் நின்றால் மீதி இருப்பதுதான் கிடைக்கும். கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் உண்டு, ஆனால் பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும், அதற்கு முகவரிச் சான்றும் வேண்டும். அதை நம்பி வருகிறவர்கள் வாடகை ஒப்பந்தம், ஆதார் முகவரி மாற்றம் எல்லாவற்றையும் விண்ணப்ப காலத்துக்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.

ஊரில் அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளை என்றால், "சென்னைக்குப் போனதும் மெட்ரிக்கில் போட்டுவிடலாம்" என்று அவசரப்படாதீர்கள். 6-ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, பொறியியல் மாதிரி தொழிற்படிப்புகளுக்கும் அதே ஒதுக்கீடு. கல்லூரி போகும்போது மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் அந்த வகுப்புகளை எங்கே படித்தார்கள் என்று பார்த்துத்தான். நடுவில் இரண்டு வருஷம் தனியார் பள்ளிக்குப் போய்வந்தால் இந்த ஒதுக்கீடு கைவிட்டுப் போகும். சென்னையில் நன்றாக நடக்கிற அரசு, மாநகராட்சிப் பள்ளிகள் இருக்கின்றன. அசோக் நகர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இடம் வாங்க வருஷா வருஷம் கூட்டம் நிற்கும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் உண்டு, இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் அது சின்ன விஷயமில்லை.

டி.சி. வாங்கும்போது பழைய பள்ளியில் பிள்ளையின் எமிஸ் எண்ணை (கல்வித் துறையின் கணினிப் பதிவில் உள்ள மாணவர் எண்) காமன் பூலுக்கு, அதாவது வேறு பள்ளி எடுத்துக்கொள்ளும் பொதுப் பட்டியலுக்கு, மாற்றச் சொல்லிவிட்டு வாருங்கள். மாற்றாமல் வந்தால் புதுப் பள்ளியில் பெயர் ஏறாது, அதற்காக ஊருக்கு மறுபடி போன் மேல் போன் போட வேண்டியிருக்கும். 10-ஆம் வகுப்பிலோ 12-லோ பிள்ளை இருந்தால் அந்த ஒரு வருஷம் குடும்பத்தை அசைக்காமல், வேலைக்கு வருகிறவர் மட்டும் வந்து தங்குவது மேல். தனியாக வந்து தங்குகிற அந்த மாதங்களில் சனி, ஞாயிறு சுற்றினால் ஏரியா பற்றி எந்த இணையதளமும் தராத அறிவு கிடைக்கும்.

பகல் முழுக்க வீட்டில் இருப்பது யார்

வேலைக்குப் போகிறவர் ஏரியாவைப் பார்ப்பதே காலை ஒரு மணி நேரமும் இரவு ஒரு மணி நேரமும்தான். பகல் முழுக்க அங்கே வாழ்வது பாட்டியும் பிள்ளைகளும், வேலைக்குப் போகாத கணவனோ மனைவியோ. ஆனால் முடிவு எடுப்பது என்னவோ ஆபீஸ் தூரத்தை வைத்து. வீடு பார்க்க ஒரு நாளாவது வீட்டில் இருக்கப்போகிறவரை அழைத்து வாருங்கள், கிழமை நாளில், காலை பதினொரு மணிக்கு. காய்கறிக் கடை, ரேஷன் கடை, அங்கன்வாடி, பூங்கா, கோவிலோ மசூதியோ சர்ச்சோ, நடந்து போகிற தூரத்தில் எது இருக்கிறது என்று அவர் சொல்லட்டும். பெரியவர்களுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம் இருந்தால் அரசு மருத்துவமனைக்கு ஒரே பஸ்ஸில் போக முடிகிறதா பாருங்கள். குரோம்பேட்டை, தண்டையார்பேட்டை, கொளத்தூர் பெரியார் நகர், கே.கே. நகர் என்று நகரத்தின் எல்லாப் பக்கமும் அரசு மருத்துவமனைகள் உண்டு. பிள்ளைகளுக்கு எழும்பூர். மூன்றாவது மாடியில் லிப்ட் இல்லாமல் இருக்கிற வீடு வாடகையில் ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கும், மூட்டு வலி உள்ள அம்மாவுக்கு அது வீட்டுச் சிறை.

எந்த வேலைக்கு எந்தப் பக்கம்

இது என் அபிப்பிராயம்தான், ஆனால் தேட ஆரம்பிக்க ஒரு இடம் வேண்டுமே.

வேலை எழும்பூர், நுங்கம்பாக்கம், கிண்டி பக்கம் என்றால் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம். தென்மாவட்டக்காரர்களுக்கு இந்தப் பக்கம் இன்னொரு வசதியும் உண்டு, 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்ததிலிருந்து தெற்கே போகிற அரசு பஸ்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன, தெற்கு ரயில்களும் பெரும்பாலும் தாம்பரத்தில் நிற்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போகிற அன்று இதன் அருமை தெரியும்.

சென்ட்ரல், பாரிமுனை, அண்ணா நகர் பக்கம் வேலையென்றால் மேற்குப் பாதையில் பாருங்கள். வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி. இதே ரயில் வசதிக்குத் தெற்குப் பாதையில் கேட்கிற வாடகையை இங்கே கேட்பதில்லை. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகள் இருப்பதால் கேந்திரிய வித்யாலயாக்களும் கூடுதல், மத்திய அரசு ஊழியர்கள் கவனிக்க வேண்டிய இடம். கொரட்டூரில் மட்டும் ஏரிப் பக்கத்துத் தெருக்களை மழைக் கேள்வி கேட்காமல் எடுக்க வேண்டாம்.

வட சென்னை என்றதும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு ஒரு உறவினர் கட்டாயம் இருப்பார். சினிமா பார்த்து வந்த பயம் அது. பெரம்பூர், கொளத்தூர், வண்ணாரப்பேட்டை எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்கிற, கடைத்தெருவும் பள்ளியும் நடக்கிற தூரத்தில் இருக்கிற இடங்கள். 2021-லிருந்து தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வரை மெட்ரோ ஓடுகிறது, மெட்ரோவுக்குப் பக்கத்தில் குறைந்த வாடகை வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது இங்கேதான். உண்மையாகவே யோசிக்க வேண்டியது வேறு: மணலி, எண்ணூர் பக்கம் தொழிற்சாலைப் புகையும் வாடையும், கொடுங்கையூரில் குப்பைக் கிடங்கு. ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று மாலை நேரத்தில் போய் நின்று பாருங்கள். தெற்கே பெருங்குடிக் கிடங்குக்கும் இதே விதி, அங்கே வாடகை குறைவாகவும் இல்லை.

ஓ.எம்.ஆர். வேலைக்கு ஓ.எம்.ஆரிலேயே குடியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தரமணி, பெருங்குடி வரைக்கும் என்றால் பறக்கும் ரயில் பாதை உதவும். துரைப்பாக்கம் என்றால் பல்லாவரத்திலிருந்து ரேடியல் ரோடு. சோழிங்கநல்லூர் என்றால் மேடவாக்கம் வழி, சிறுசேரி என்றால் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலை வேலை என்றால் வீடு தேடும் முன்னால் எச்.ஆரிடம் கம்பெனி பஸ் எந்த வழியாக வருகிறது, எந்த ஸ்டாப்பில் எத்தனை மணிக்கு என்று எழுதி வாங்குங்கள். அந்த ஸ்டாப்பிலிருந்து நடக்கிற தூரத்தில் பூந்தமல்லியோ, மாங்காடோ, படப்பையோ, எது கட்டுப்படியாகிறதோ அதைப் பாருங்கள்.

கணவனுக்கு அம்பத்தூர், மனைவிக்கு ஓ.எம்.ஆர். என்று இரண்டு திசை ஆனால் நடுவில்தான் வர வேண்டும். ஆலந்தூர், பரங்கிமலை, நங்கநல்லூர். வாடகை கூட, வீடு சின்னது. ஆனால் இரண்டு பேரும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்து சேரலாம்.

வீட்டுக்காரர், அட்வான்ஸ், மற்றதெல்லாம்

நங்கநல்லூர், மேற்கு மாம்பலம் மாதிரி இடங்களில் "வெஜிட்டேரியன் மட்டும்" போர்டு நிறையப் பார்ப்பீர்கள். சில இடங்களில் போனிலேயே சுற்றி வளைத்துச் சாதி கேட்பார்கள், சில இடங்களில் பெயரைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்பார்கள். வாதாடி உள்ளே போனாலும் நிம்மதியாக இருக்க முடியாது, நேரத்தை அங்கே செலவழிக்காதீர்கள். சமையலறை வாடைக்குக் கணக்குக் கேட்காத தெருவும் குடும்பத்துக்கு ஏற்ற ஏரியாவின் ஒரு பகுதிதான்.

அட்வான்ஸ் ஒரு காலத்தில் பத்து மாத வாடகை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைதான் என்கிறது, ஆனால் இருவரும் ஒப்புக்கொண்டால் வேறு தொகை வைத்துக்கொள்ளலாம் என்று வாசலையும் திறந்து வைத்திருக்கிறது, அதனால் ஐந்து, ஆறு மாதம் கேட்பது சாதாரணம். சட்டத்தைச் சொல்லிச் சண்டை போடாமல் பேரம் பேச அதைப் பயன்படுத்துங்கள். அதே சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். "11 மாசம்தானே, பதிவெல்லாம் வேண்டாம்" என்பது பழைய பேச்சு. காலி செய்யும்போது பெயின்ட் செலவுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது இங்கே வழக்கம், பிடிப்பார்களா, எவ்வளவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கரண்ட் விஷயத்தில் வீட்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். தனி மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் கூடக் கூட யூனிட் விலை ஏறும். இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் இரண்டு பேர் யூனிட்டும் சேர்ந்து மேல் விலைக்குப் போய்விடும். சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வசூலிக்கிற இடங்களில் ஏ.சி. ஓடுகிற மே மாதம் பில்லைப் பார்த்து வாடகையையே மறுபடி கணக்குப் போட வேண்டிவரும்.

மாத வாடகை இல்லை, மொத்தமாக ஐந்தாறு லட்சம் கொடுத்தால் போதும் என்று லீஸுக்கு வருகிற வீடுகள் உண்டு. அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று பார்க்காமலும், பதிவு செய்யாமலும் பணம் கொடுக்காதீர்கள். அதே மாதிரி, ராணுவத்தில் இருக்கிறேன், வீடு பூட்டியிருக்கிறது, டோக்கன் அனுப்பினால் சாவி கூரியரில் வரும் என்று போனில் யாராவது சொன்னால் எண்ணை பிளாக் செய்துவிட்டு அடுத்த வீட்டைப் பாருங்கள்.

சாவி வாங்குகிற அன்று ஈ.பி. மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பழைய பில் பாக்கி இல்லையென்று நுகர்வோர் எண்ணைப் போட்டுப் பாருங்கள், சுவர், கதவு, குழாய் எல்லாவற்றையும் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். மோட்டார் யார் போடுவது, எத்தனை மணிக்கு, சம்ப்பில் மெட்ரோ வாட்டர் எந்த நாளில் வரும் என்று மேல்வீட்டு அக்காவிடம் கேட்டுவிட்டால் மறுநாள் காலையே பால் காய்ச்சலாம்.